மற்றவை

மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளி, மாடி அறை.
மூன்று நாள் பயிற்சியில் இரண்டாம் நாள்.
நாற்பத்திரண்டு பேருக்கு இருபது மடிக்கணினி.
சன்னல் கம்பியில் கட்டி வைத்தால் மட்டும்
உயிரோடிருக்கும் ஒரு மோடம்.

நான் பயிற்றுநர்.
கழுத்து அட்டை அப்படித்தான் சொல்கிறது.
காலையிலிருந்து நான் கற்பித்ததோ
மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றும் வழி,
அது ஒன்றுதான்.

எட்டு எழுத்து வேண்டும்.
அதில் ஒன்று பெரிய எழுத்து, ஒன்று எண்,
எதற்கும் உதவாத ஒரு குறி.
"தமிழ்ல ஏது மேடம் பெரிய எழுத்து?
எங்களுக்கு எல்லாம் ஒரே உயரம்"
என்றார் காட்டுமன்னார்கோவில் கலியபெருமாள் ஐயா.
அதற்கு என்னிடம் ஸ்லைடு இல்லை.

பரங்கிப்பேட்டை சிராஜுன்னிஸா
மூன்று முறை தப்பாக அடித்துப் பூட்டிக்கொண்டார்.
அரைமணி நேரம் காத்திருக்கச் சொன்னது திரை.
"லேட்டா வர்ற பிள்ளையக்கூட
இவ்வளவு நேரம் நான் வெளிய நிறுத்தினதில்ல."

கடைசி பெஞ்சில் அஞ்சலாட்சி,
தாழங்குடா நடுநிலைப் பள்ளி.
ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு குறிப்பு எடுக்கவில்லை.
இவருக்கு இதெல்லாம் வராது என்று
முதல்நாளே மனசுக்குள் நான் டிக் செய்திருந்தேன்.

துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏறியிருந்தது.
சாரலுக்கு எல்லாச் சன்னலும் சாத்தியிருந்தோம்.
'மின்வகுப்பறை: ஐந்து படிகள்.'
மூன்றாம் படியில் நான் நிற்கும்போது
கரண்ட் போனது.

பஸ் ஏறினால் ஒன்றேகால் மணியில் நெய்வேலி.
பூமியை வெட்டி ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்புகிறார்கள்.
எங்களுக்கு இருட்டு,
பக்கத்தில் இருப்பவரின் தலைத்தைல வாசனை வரைக்கும்
தெரிகிற இருட்டு.

"சாக்பீசுக்குக் கரண்ட் வேணாம்" என்றது முன்வரிசை.
எல்லாப் பயிற்சியிலும் ஒருவர் இதைச் சொல்வார்.
அதற்கென்று ஒரு புன்னகை தயாராக வைத்திருப்பேன்.
இருட்டில் அது வீணானது.

பின்னால் ஒரு கைப்பேசி
டார்ச் மேலே பார்க்க மல்லாந்தது.
அதன்மேல் ஒரு தண்ணீர் பாட்டில்.

அவ்வளவுதான்.
கூரையெல்லாம் தண்ணீர்.
பாட்டிலை அஞ்சலாட்சி விரலால் சுண்ட
மின்விசிறியும் விரிசலும் ஒட்டடையும் சேர்ந்து ஆடின.

"ஆறாம் வகுப்பு, ஒளி.
மத்தியானம் எங்க பக்கம் கரண்ட் நிக்காது மேடம்.
ஒருநாள் கைதவறி வெச்சேன்.
ஒரு சொட்டுப் பால் விட்டா இன்னும் பரவும்னு
கண்டுபிடிச்சது ஒரு பொண்ணு,
ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் மக.
ஏன் பரவுதுன்னு அவங்களே சண்டை போட்டுக்கிட்டாங்க,
ரெண்டு நாள்."

எங்களிடம் பால் இல்லை.
கேனில் மிச்சமிருந்த டீயில் ஒரு சொட்டு விட்டார் யாரோ.
அறை அந்திமஞ்சள் ஆனது.
நாற்பத்திரண்டு பேரும் பெஞ்சைவிட்டு எழுந்து
அந்தப் பாட்டிலைச் சுற்றி நின்றோம்
(நாற்பத்துமூன்று, என்னையும் சேர்த்தால்).
கலியபெருமாள் ஐயா இரண்டாம் சொட்டு விட்டுப் பார்த்தார்.
"போதும், போதும், குடிக்கிறதுக்கு இல்ல" என்றார் சிராஜுன்னிஸா.
படம் எடுத்தார்கள். அது எப்படி என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.

"இத ஏன் டீச்சர் நேத்தே சொல்லல?"

"நீங்க கடவுச்சொல் கேட்டீங்க மேடம்."

நாலரைக்குக் கரண்ட் வந்தது.
படிகளில் மிச்சம் இரண்டையும் ஓட்டமாக ஏறி முடித்தேன்.
எல்லோரும் போனபின் அறிக்கைப் படிவம்.
பயன்படுத்திய கருவி:
திறன்பலகை. மடிக்கணினி. கைக்கணினி. மற்றவை.

மற்றவையைத் தொட்டேன்.
ஐம்பது எழுத்துக்குள் விளக்குக என்றது.

தண்ணீர் பாட்டில், டீ ஒரு சொட்டு, என்று அடித்துவிட்டு
வாட்ச்மேன் மகளை எப்படிச் சேர்ப்பது என்று
யோசித்துக்கொண்டே இருந்தேன்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அதற்குள் நேரம் முடிந்து
என்னை வெளியே தள்ளியிருந்தது திரை.
மீண்டும் உள்நுழையவும்.

எட்டு எழுத்து. ஒன்று பெரியது.
எந்தக் குறியை வைத்தேன் என்றுதான்
நினைவு வரவில்லை.